ராமாபுரத்துக்குப் பேருந்தில் போன பச்சை மாடு

முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று நினைக்கிறேன். இது பயணக் கட்டுரைதான், பேருந்து விவரமெல்லாம் கீழே வருகிறது. ஆனால் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பழைய கணக்கைத் தொடாமல் முடியாது.

இருபத்திரண்டு வயதில், மைசூரில் ஓவியம் படித்த காலத்தில், இறுதித் தேர்வுக்காகக் கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்தில் மூன்று வாரம் தங்கி ஓர் எண்ணெய் ஓவியம் வரைந்தேன். இரண்டரை அடிக்கு இரண்டடி. போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காப்பி அடிக்காமல், மனதில் தைத்த நிறத்தைத் தைத்த அளவுக்குத் தடிமனாக அப்புவது. மலை ஊதா, மண் ஆரஞ்சு, புளிய மரத்தடியில் நிற்கும் மாடு பச்சை. பேராசிரியர் முப்பது பேருக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "கர்நாடகத்தில் இப்படி ஓர் ஊர் கிடையாது. கையெழுத்து மட்டும் பெரிதாக இருக்கிறது" என்றார். வகுப்பு சிரித்தது. சத்தமாகச் சிரித்தவனுக்குத்தான் அந்த வருடப் பரிசு. இன்று பெங்களூரில் பெரிய ஆள். நான் வங்கி வேலைக்குப் போனேன்.

போன டிசம்பரில் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. கிடங்கைக் காலி செய்கிறார்கள், பழைய மாணவர்கள் தங்கள் படங்களை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போய் எடுத்து வந்தேன். மைசூர் அக்ரஹாரத்தில் என் வீட்டுச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை. அந்த ஊர் உண்மையிலேயே கிடையாதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட முடிவு செய்தேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

மைசூர் வெளியூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்குக் கொள்ளேகால் வண்டி. அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு மணி நேரம் ஆகும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் உட்கார இடமும் எனக்குக் கிடையாது. படத்தைப் பெட்ஷீட்டில் சுற்றி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, கண்ணாடியா?" என்றார் கன்னடத்தில்.

"படம்."

"சாமி படமா?"

"ஊர் படம்."

"சாமி படம்னா விட்டிருப்பேன்" என்று சொல்லி இருபது ரூபாய்க்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வகுப்பே சிரித்த பொருளுக்கு ஒருவர் மதிப்புப் போட்டது அதுதான் முதல் முறை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கொள்ளேகாலில் நிலையத்துக்கு எதிரே தட்டு இட்லி நாற்பது ரூபாய், சட்னி நன்றாக இருந்தது. அங்கிருந்து ஹனூர் வழியாக ராமாபுரத்துக்கு இன்னொரு பேருந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஹனூரைத் தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு தமிழாகிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே மலை வரத் தொடங்கியது. நான் முதலில் பார்த்தது நிறத்தைத்தான். ஊதாதான். சந்தேகம் இருப்பவர்கள் பத்து மணி வெயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ராமாபுரத்தில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கமாகப் பதினைந்து நிமிடம் நடந்தால் நான் அன்று படம் வரையும் ஸ்டாண்டு போட்ட மேடு. ராகி அறுத்து முடித்திருந்தார்கள். புளிய மரம் இருந்தது. மாறியிருந்தது ஒன்றுதான். மேட்டுக்குக் கீழே வீடுகளுக்குப் போகும் தடம் ஒன்று உண்டு, அதன் குறுக்கே கல் நட்டுக் கம்பி வேலி இழுத்திருந்தார்கள். படத்தைப் பிரித்து வேலிக் கல்லில் சாய்த்து வைத்து, நாலடி பின்னால் போய் நின்றேன். படத்தையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தேன். அரை மணி நேரம் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இரண்டு கையிலும் காலி பால் கேனோடு ஒரு பெண் ஏரிக்கரையிலிருந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் மாதேவி என்று பிறகு தெரிந்தது.

"வாங்கய்யா. நிலம் அளக்க வந்தீங்களா?"

"இல்லைம்மா. படம் பார்க்க வந்தேன்."

கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் இத்தனை வருடம் எதிர்பார்த்த எந்தச் சொல்லையும் அவர் சொல்லவில்லை. "இது எங்க தடமுங்க" என்றார். "வேலி போடறதுக்கு முன்னாடி."

நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். வேலி போட்டவர் அவர் கணவரின் பங்காளி, ராஜு. தடம் தன் நிலத்தில் போகிறது, எந்தக் காலத்திலும் அங்கே தடம் இருந்ததில்லை என்கிறார். கிராம வரைபடத்திலும் அது இல்லை. இப்போது மாதேவி பால் ஊற்ற ஏரியைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் நேரம் தவறினால் சொசைட்டியில் கேனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். இரண்டு மாடு, அந்தப் பால்தான் வீடு. முன்பிருந்தே ஜனம் நடந்த தடம் என்று ஏதாவது காட்டினால் பஞ்சாயத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அதற்குள் ராஜுவே பைக்கில் வந்துவிட்டார். வேலியில் யாரோ எதையோ சாய்த்து வைத்தால் வராமல் இருப்பாரா?

"என்னங்க இது?"

"முப்பது வருசத்துக்கு முந்தின நம்ம ஊரு" என்றார் மாதேவி. "தடம் எங்க போகுதுன்னு நல்லாப் பாரு ராசு."

ராஜு நிதானமாகப் பார்த்தார். இவ்வளவு நேரம் என் படத்தை யாரும் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை, கோட்டுக்குக் கோடு பார்த்தார்.

"அண்ணி, இந்த மாடு பச்சையா இருக்குது."

"இருந்துட்டுப் போவட்டும்."

"பச்சை மாடு எந்த ஊருல பால் கறக்குது? நீங்க வெச்சிருக்கிறது அந்த ஜாதியா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "புளிய மரம் கிழக்கால நிக்குது. இதுல மேக்கால நிக்குது. எப்படிங்க?"

"நான்தான் நகர்த்தினேன்."

"மரத்தையா?"

"படத்தில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது."

"மரத்தையே நகர்த்தினவரு தடத்தை நகர்த்த மாட்டீங்களா?"

பேராசிரியர்கூட இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. தடத்தை நான் நகர்த்தவில்லை. அதைச் சொன்னேன். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. மாதேவி கேனைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் இறங்கிவிட்டது.

அப்போது ராஜுவின் அம்மா மகனைச் சாப்பிடக் கூப்பிட வந்தார். அறுபது தாண்டியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கம்பிக்கு மேலே எட்டிப் படத்தைப் பார்த்தார். நடுவே நீலச் சேலையில், தலையில் பானையோடு ஒரு சிறு உருவம் உண்டு. நாலு தீற்றல்தான்.

"இது யாரு?"

"தினமும் காலையில் ஒருவர் மோர்ப் பானையோடு வருவார். எனக்கும் ஒரு சொம்பு கொடுப்பார். அவரைத்தான் போட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு, குச்சியாட்டம் ஒரு பையன். மோரு புளிக்குதும்பான். நீங்களா அது?"

"புளித்ததுங்க."

"குடிச்சீங்கல்ல." மறுபடி குனிந்தார். "எனக்குக் காலு எங்க?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். உருவத்தின் முழங்காலுக்குக் கீழே, சிவப்பில், ஒரு சாண் நீளத்துக்கு என் கையெழுத்து. பரிசு வரும் என்ற நம்பிக்கையில், படம் காய்ந்து வார்னிஷும் அடித்த பிறகு போட்டது. சரியாகத் தடத்தின் நடுப்பகுதி மேலேயே போட்டிருக்கிறேன்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் பிளேடு எடுத்து வந்து கம்பிக்கு மேலே நீட்டினார். சுரண்டச் சொன்னதும் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. காய்ந்த வார்னிஷ் மேல் இருந்ததால் சிவப்பு செதில் செதிலாக வந்தது. முதல் எழுத்து போனபோது ஒரு பாதம் தெரிந்தது. பிறகு இரண்டு காலும், அவற்றுக்குக் கீழே மஞ்சள் மண்ணும். தடம் இன்று வேலி நிற்கும் இடத்துக்கு நேராக வந்து, அதைத் தாண்டி, வீடுகளுக்குப் போனது.

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"நான்தான்டா. இந்தத் தடத்துலதான் நடந்தேன். பையனாச்சேன்னு இத்தன நாளு பேசாம இருந்தேன். இனி எப்படி இல்லைங்கறது?"

"அம்மா, பச்சை மாட்டை நம்பிக்கிட்டு…"

"மாடு கெடக்குது. காலு என்னுது."

ராஜு பைக்கிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். இரண்டு கல்லுக்கு நடுவே கம்பியை அவிழ்த்துவிட்டார். "ஆளு போக மட்டும். மாடு போகக் கூடாது."

"கேனு?" என்றார் மாதேவி.

"கேனு போகட்டும்."

படத்தை மாதேவி கேட்டார். ராஜு கூடாது என்றார். "என் காலு இருக்குது, என் வீட்டுல இருக்கட்டும்" என்று அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கிடைத்தன. மோரும். இன்னும் புளிக்கத்தான் செய்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மைசூரிலிருந்து போய்வரப் பேருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஜனவரி நல்ல மாதம், வெயில் கொல்லாது. திரும்ப மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியை நம்பாதீர்கள். ஏரிக்கரையில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். கம்பி அவிழ்த்த இடத்தில் நடக்கலாம், யாராவது கேட்டால் கேன் கொண்டு போவதாகச் சொல்லுங்கள். எண்ணெய் ஓவியம் கொண்டு போனால் சாமி படம் என்று சொல்லிவிடுங்கள்.

பேராசிரியரை நான் மன்னித்துவிடவில்லை. பரிசு வாங்கியவனையும்தான். இதைப் படித்தால் இருவருக்கும் எழுதியது யார் என்று புரியும், அது போதும். ஆனால் திரும்பும் பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, கையில் சுமை இல்லை, கொள்ளேகால் வரை நன்றாகத் தூங்கினேன்.

இந்தப் பக்கத்தின் அடியில் பெயர் போட ஒரு கட்டம் காட்டுகிறது. தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். போன தடவை பெயர் போட்டபோது ஓர் ஊரின் தடமும் ஒருவரின் காலும் அதற்கடியில் போய்விட்டன. கட்டத்தைக் காலியாக விட்டு வெளியிடுகிறேன்.