இருமலில்லாத அறிவித்தல்

தவராசண்ணை இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தவராசண்ணையேதான். செவ்வாய்க்கிழமை காலை, சாவகச்சேரியில் நான் வேலை செய்யும் அச்சகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வீதியால் வந்தது. "மரண அறிவித்தல்" என்று அவருடைய கனத்த குரல் தொடங்கியதும், யாரோ பாவம் என்று காதைக் கொடுத்தேன். தன் முழுப்பெயரையும், மனைவி மலரின் பெயரையும், தான் இன்று செவ்வாய்க்கிழமை காலமானதையும் அந்தக் குரல் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனது. கதவைத் திரும்பப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் அதை ஊருக்குச் சொல்லும் குரல் பல வருடங்களாக அவருடையதுதான். சுவரில் ஒட்டும் அறிவித்தலை நாங்கள் அச்சடிப்போம். ஓட்டோவில் போகும் அறிவித்தலை அவர் பேசிப் பதிவுசெய்து கொடுப்பார். எங்கள் பழக்கம் அப்படி வந்தது. தொழில் சாவோடுதானே தவிர, அவரைப்போல் வயிறு குலுங்கச் சிரித்த ஆளை நான் கண்டதில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்தால் அவர் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். அதுவும் எத்தர்கள் வரும் சிரிப்புப் படமாக இருக்கவேண்டும். பொய்மீசை மாப்பிள்ளை, வாடகைக் கோட்டுப் போட்ட பணக்காரன், போலிச் சாமியார் என்று எவன் வந்தாலும் சரி. எத்தனையாவது தரம் பார்த்தாலும், மீசை கழலப்போகும் இடத்தில் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார்.

"ஏனண்ணை உந்தக் கள்ளரிலை உங்களுக்கு இவ்வளவு விருப்பம்?" என்று ஒருநாள் கேட்டேன். 

"படத்துக்குள்ளை இருக்கிறவனைத்தான் அவங்கள் ஏமாத்துறாங்கள். எங்களுக்கு முதலே சொல்லிப்போடுவாங்கள். நாங்களும் அவங்கடை கூட்டாளியள். அதுதான் சிரிப்பு. சொல்லாமல் ஏமாத்தினால் அது பகிடி இல்லையடா, களவு."

இதை அவர் பட்டு அறிந்திருந்தார். ஒருமுறை, பொலிஸுக்குப் பயந்து ஓர் எத்தன் பிணம்போல் படுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, தானும் மூக்கில் பஞ்சடைத்து வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். மலர் அக்கா தலையில் அடித்துக் குழறினார். எழும்பிச் சிரித்தவருக்கு, மனைவியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழமையாக அக்கா அவருடன் கதைக்கவில்லை. கடைசியில் அண்ணை என்னைச் சாட்சிக்கு இருத்திவைத்துச் சத்தியம் செய்தார்.

"இனிப் பகிடி விடுறதெண்டால் முதல்லை ரண்டுதரம் இருமுவன். இருமல் கேட்டால் சிரி. கேக்காட்டி நம்பு, மலர்."

அந்தச் சத்தியத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அவர் இருமினாலே நாங்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது, படுக்கையில் நித்திரைபோலக் கிடந்தார். பக்கத்தில் ஆறிப்போன தேநீர் இருந்தது. "விடியத்தொடக்கம் எழும்புங்கோ எண்டு கத்துறன், ஆள் நடிக்குது" என்றார் அக்கா. வைத்தியர் வந்து பார்த்துச் சொல்லியும் அக்கா ஏற்கவில்லை. அந்த நேரம் ஒழுங்கையால் ஓட்டோ வந்தது. கணவரின் குரலைக் கேட்டதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியே தம்பி, ஆள் சந்தியிலை நிண்டு கதைக்குது!" சுற்றியிருந்த ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓட்டோக்காரர் நிமலன் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை தன்ரை அறிவித்தலைப் போன மாசம் தானே பேசித் தந்தவர். சாகிற நாளையும் நேரத்தையும் மட்டும் விட்டிட்டார். பழைய அறிவித்தலுகளிலை இருந்து வெட்டி ஒட்டச் சொன்னவர்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் 'செவ்வாய்க்கிழமை' முன்பு என் அப்பா இறந்தபோது அவர் பேசிய அறிவித்தலில் இருந்தது. சொல்லின் முடிவில் ஒரு சிறு பெருமூச்சு இருக்கும். அன்று எங்கள் வாசலில் கேட்ட அதே மூச்சு. 

மறுநாள் கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் போடமாட்டன். அவர் இருமினவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். திருப்பிப் போடுங்கோ."

ஓட்டோவை முற்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். பறை நின்றது. பெட்டிக்குள் வாய்மூடிக் கிடந்தவரின் குரல் பந்தல் முழுவதும் நிறைந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டார். அந்த வேளை பார்த்து என் தொண்டை கரகரத்தது. எனக்குச் சளியுமில்லை, காய்ச்சலுமில்லை. ஓர் இருமல் வெளியே வந்தால் போதும், அக்கா சிரித்துவிடுவார். பிறகு அந்தப் பெட்டியை எடுக்கவே விடமாட்டார். சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று குரல் முடிந்தது. அதன்பின்னும் அக்கா காத்திருந்தார். ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சரி, நம்புறன்" என்றார் அக்கா. அரிசியை அள்ளினார்.

மயானத்தால் திரும்பி, ஆளில்லாத அச்சகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகே அந்த இருமலை விட்டேன். இரண்டே இரண்டு தரம் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அக்கா, இதை நீங்கள் வாசித்தால், அது அச்சகத்துத் தூசி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணை, உங்கள் சத்தியம் தவறவில்லை. நாங்கள் நம்பிவிட்டோம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.