கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றுவதா, விடுவதா

கண்டியில் ஒரு பழைய வானைச் சுற்றி நாலு ஆம்பிளைகள் நின்றால் எட்டு அபிப்பிராயம் வரும். எங்கள் ஸ்கூல் வானின் கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றுவதா வேண்டாமா என்று அந்த மூன்று மாதம் வந்த அபிப்பிராயங்களை எழுதி வைத்திருந்தால் ஒரு கொப்பி நிறைந்திருக்கும். துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் கூட ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து பேசினார். அவருக்குச் சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது.

என் கணவர் இருபது வருடத்துக்கு மேல் ஸ்கூல் வான் ஓட்டினார். காலை ஐந்தரைக்குக் குண்டசாலையில் புறப்பட்டு, ஒவ்வொரு கேட்டிலும் ஹோர்ன் அடித்து, டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவார். நான் கதவோரம் இருந்து ஏற்றி இறக்குவேன். பாலம் தாண்டும்போது மகாவலியில் பனி கிடக்கும். சாப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து சம்பல் மணக்கும். பாதிப் பிள்ளைகள் என் மேல் சாய்ந்து தூங்குவார்கள், மீதிப் பேரிடம் அவர் கண்ணாடியில் பார்த்தபடி வாய்ப்பாடு கேட்பார். ஏழாம் வாய்ப்பாட்டில் அவருக்கே தடுமாற்றம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்து போகிறது.

முன்பு இருந்ததெல்லாம் கிளட்ச் மிதிக்கும் வான்கள். டவுன் ட்ராஃபிக்கில் மிதித்து மிதித்து இடது கால் களைத்துவிட்டது என்று அவர் சொன்னதால், ஜப்பானில் ஓடி முடித்து வந்த, கிளட்ச் இல்லாத ஓட்டோ கியர் வான் ஒன்றை வாங்கினோம். அவருக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தமும் இருந்ததால் நானும் சரி என்றேன். கதவில் ஒட்டியிருந்த ஜப்பான் எழுத்து ஸ்டிக்கரை உரிக்க என்னை விடமாட்டார். ஊரில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. இலங்கையில் வேறு கை படாத வான் என்பதற்கு அதுதான் சாட்சியாம். என்னைக் கல்யாணம் முடித்தபோது என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக எங்கேயும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருடம் வான் ஏற்றங்களில் நடுங்கத் தொடங்கியது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் கறுப்பு. தீய்ந்த வெங்காயம் மாதிரி மணம்.

எங்கள் வான்களை எப்போதும் பழுது பார்த்து வந்த கலகெதர பாஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், ஓடுகிற கியர்பொக்ஸைத் தொட வேண்டாம் என்று. பழைய அழுக்குத்தான் உள்ளே எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கிறதாம். புது ஒயில் போனால் அது கழுவப்பட்டு, பிறகு கியர் வழுக்குமாம். பல்லேகலவில் கராஜ் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் வேறு மாதிரிச் சொன்னார். மெஷின் வைத்துக் கழுவினால்தான் ஆபத்து. கீழே தானாக வடிவதை மட்டும் வடித்துவிட்டு, அதே அளவு சரியான ஒயிலை ஊற்றி, சில கிழமை ஓட்டிவிட்டுத் திரும்பவும் அப்படியே செய்யலாம் என்றார். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. என் கணவருக்கோ பாஸ் சொன்னால் சொன்னதுதான்.

நான் விடவில்லை. பதினாலு பிள்ளைகளோடு ஏற்றத்தில் நின்றுபோனால் எந்தப் பிள்ளையின் உம்மாவுக்குப் பதில் சொல்வது என்று காலையும் மாலையும் கேட்டேன். என் வாய்க்குப் பயந்து, ஓகஸ்ட் லீவில் என்னையும் ஏற்றிக்கொண்டு வானைப் பல்லேகல கராஜுக்குக் கொண்டுபோனார்.

வடிந்தது தார் மாதிரி இருந்தாலும் இரும்புத் துண்டு ஒன்றும் இல்லை. புது ஒயில் ஊற்றியதும் அவர் பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பண்ணி, கராஜுக்கு முன்னால் இருந்த ஏற்றத்தில் ஓட்டினார். வான் பழையபடி நடுங்கியது. இறங்கி வந்து, பாஸ் சொன்னது சரியாய்ப் போச்சு என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. அவருடைய தொழிலை என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கராஜ்காரர் தானே ஏறி, அதே ஏற்றத்தில் இரண்டு தரம் ஓட்டினார். நடுக்கமே இல்லை. பிறகு என் கணவரைத் திரும்ப ஓட்டச் சொல்லிவிட்டு, என்னோடு கீழே நின்று பார்த்தார். வான் நடுங்கி நடுங்கி ஏறியது. ஏறி முடியும்வரை பின்னால் பிரேக் லைட் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டே போயின.

வான் திரும்பி வந்ததும் கராஜ்காரர், அண்ணனை நாங்கள் கூப்பிடுகிற முறையிலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"நானா, ஏத்தம் ஏறேக்க ஏன் பிரேக்கை மிதிக்கிறியள்?"

"நான் மிதிக்கல்லயே, தம்பி."

அவர் பொய் சொல்லவில்லை. கராஜ்காரர் கதவைத் திறந்து கீழே காட்டினார். இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது. கிளட்ச் மிதித்த பழக்கத்தில் அது தன் பாட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வலது கால் முன்னுக்குத் தள்ள, இடது கால் பிடித்து நிறுத்த, நடுவில் கிடந்து ஒயில் கருகியிருக்கிறது. என் கணவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது கால் செருப்பு வழியில் கழன்றது தெரியவில்லை என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கராஜ் வாசலில் நின்றபோது அது எனக்கு நினைவு வந்தது. அப்படிச் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

பழக்கம்தானே, காலை ஓரமாக வைத்துப் பழகினால் சரியாகிவிடும் என்று கராஜ்காரர் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். என் கணவர் தலையாட்டவில்லை.

"கால் எங்க ஈக்கிதெண்டு குனிஞ்சி பாத்தாத்தான் தெரியுது," என்றார். "இனி புள்ளைகள ஏத்திக்கொண்டு நான் ஓட்ட ஏலா."

சீனி வருத்தத்தில் இரண்டு வருடமாகக் கால் விறைத்திருந்ததாம். சொன்னால் நான் ஓட்ட விடமாட்டேன் என்று டொக்டரிடம் கூடச் சொல்லவில்லையாம். அது உண்மைதான், விட்டிருக்க மாட்டேன்.

அவரே இறங்கி, மறுபக்கம் சுற்றி வந்து, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லைசன்ஸ் எடுத்து வருடக்கணக்காகியும் பத்துத் தரத்துக்கு மேல் ஓட்டாத நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஏற்றத்தில் வான் ஒரு சின்ன உதறலும் இல்லாமல் ஏறியது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"வானுக்கு ஒண்டுமில்ல," என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.