பொட்டுக்கு இடம் கண்ட அக்கா

இந்த நினைவு மலரை நீங்கள் விரிக்கும்போது எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். உறவினர்களும் நண்பர்களும் மன்னிக்க வேண்டும். சோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவர் கதையை எடுத்தாலே எனக்கு வேகம் பிடித்துவிடுகிறது.

அக்கா பிறந்தது எளாவூரில். அப்பா அறுவடைக் கூலிக்குப் போனவர், பிறகு லாரிகளில் மூட்டை ஏற்றினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, தேர்வாய் கண்டிகையில் காருக்கு ஒயர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அக்கா சேர்ந்தார். நான் டிப்ளமோ படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆறு வருடம் கான்ட்ராக்ட். ஏழாவது வருடம் லைன் லீடர் ஆனார். பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவர்தான் முதல். அம்மா மேஸ்திரியை அழைத்து வீட்டுக் கூரையை அளந்தே பார்த்துவிட்டார்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அக்காவின் லைனில் பன்னிரண்டு பெண்கள். மெஷின்களை அவர்களே துடைத்து அலங்கரிப்பார்கள். கிறிஸ்தவத் தோழிகள் பூ மட்டும் வைப்பார்கள், ஒடிசாப் பெண்கள் சிவப்புத் துணி கட்டுவார்கள். அக்கா யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. லீவு முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால், ஒயர் வெட்டும் பெரிய மெஷின் ஓடவில்லை. சென்னையிலிருந்து மெக்கானிக் வர மதியமாகிவிட்டது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நகத்தால் எதையோ சுரண்டினார். மெஷின் ஓடியது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சின்னக் கண்ணாடி சென்சார் ஒன்று உண்டு. யாரோ பக்தியோடு அதன் நட்டநடுவே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

மானேஜர் லைனையே நிற்க வைத்தார். "யாரும்மா வெச்சது?"

"லைன் என்னுது சார். நான் பாத்துட்டுப் போயிருக்கணும். தப்ப என் மேல போட்டுக்கோங்க," என்றார் அக்கா.

போட்டுக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது. அந்த வருடம் பர்மனென்ட் ஆனவர் அதே லைனின் கௌரி அக்கா. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குக்கூட எங்கள் அக்காவோடு மல்லுக்கு நிற்பவர்.

வீட்டில் நான் குதித்தேன். "யாரு வெச்சதுன்னு உனக்குத் தெரியும் தானே?"

"தெரியும்."

"அப்ப சொல்லேன்."

"சொன்னா அவளுக்கு வேல போவும். அதுல உனக்கு இன்னாடி சந்தோஷம்?"

"உனக்குப் பேஜாரா இல்லயா?"

"ரெண்டு நாளு இருந்துச்சு. அப்பால வேல வந்துகினே இருந்துச்சா, மறந்துட்டேன். நீ போய்ப் படிச்சிகினு இரு."

மறுநாள் கௌரி அக்காவுக்கு லட்டு வாங்கிப் போனதும் அவரேதான். சகித்துக்கொள்வது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். அக்காவோ அந்த லட்டில் பாதியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, மெஷினில் பொட்டே கூடாது என்று மானேஜர் உத்தரவு போட்டார். லைன் கொதித்தது. அக்கா ஒரு மார்க்கர் பேனாவோடு அவரிடம் போனார்.

"சார், வேணாம்னா திருட்டுத்தனமா வெப்பாங்க. எங்க வெச்சா மெஷினுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு காட்டுங்க. நான் வட்டம் போட்டுடறேன்."

மானேஜர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வட்டம், பக்கத்தில் 'பொட்டு இங்கே'. ஒடிசாப் பெண்கள் தங்கள் எழுத்திலும் கீழே எழுதிக்கொண்டார்கள். சில நாளில் எல்லா லைனுக்கும் வட்டம் போனது. அந்த வருடப் பட்டியலில் அக்கா பெயர் வந்தது. வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று நான் வாங்கி அடுக்கிய புத்தகங்கள் ஒன்றிலும் மார்க்கர் பேனாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்று வருடம் பர்மனென்டாக இருந்தார். பிறகு சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் படுக்கையிலும் பக்கத்துப் படுக்கை அம்மாவைச் சிரிக்க வைத்து நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

நேரம் பாராமல் ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், லைன் தோழிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கௌரி அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவரிடம் படித்துக் காட்டினேன். சென்சாரில் யாரோ பொட்டு வைத்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"யாரோன்னு ஏன் எழுதுற? நான்தான் வெச்சேன். உங்கக்கா கடைசி வரிக்கும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. எம் பேரப் போடு. எல்லாரும் படிக்கட்டும்."

போட்டுவிட்டேன், கௌரி அக்கா.