ஜெயகௌரி அக்காவின் கணினி வாய் மூடிய கிழமை

ஜெயகௌரி அக்கா எங்கள் பக்கத்து வீடு. பதினான்கு வயதில் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை போனது. இப்போது முப்பத்திரண்டு வயது. அச்சுவேலியில் வெங்காயச் செய்கையாளர் சங்கம் ஒன்றின் கந்தோரில் கடிதம் எழுதுவது அவருடைய வேலை. கண் தெரியாதவர் எப்படிக் கடிதம் எழுதுவார் என்று யாராவது கேட்டால், மேசைக்குக் கூப்பிட்டு மடிக்கணினியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். திரையில் உள்ளதை எல்லாம் ஓர் ஆண் குரல் தமிழில் வாசிக்கும். மூக்கடைத்த குரல். அதையும் அவர் தாறுமாறான வேகத்தில் ஓடவிட்டிருப்பார். எங்களுக்கு அது தகரத்தில் மழை விழுகிற சத்தம் போலத்தான் கேட்கும். அவருக்கு அது கடிதம்.

"உவர் ஆர் பிள்ளை, உம்மடை மனிசனோ?" என்று அந்தக் குரலை அவருடைய புருஷனாக்கிக் கந்தோரில் பகிடி விடுவார்கள்.

"ஓம். எழுதினதை எழுதினபடி சொல்லுவார், எதிர்த்துக் கதைக்க மாட்டார். உங்கடை மனிசன்மார் எப்பிடி?" என்று கேட்பார் அக்கா.

அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய தம்பி கோபிசங்கர். கனடாவுக்குப் போக முதல் போட்டது. அது இலவசம். பல நாடுகளில் இருக்கிற ஆட்கள் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். "இது ஒரு கொம்பனியின்ரை சாமான் இல்லை அக்கா, எங்கடை சாமான்" என்று கோபி அண்ணை சொல்லும்போது எனக்கும் பெருமையாக இருந்தது.

அக்காவின் வேலை இரண்டு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்குவதற்கு ஒரு செய்முறைப் பரீட்சை வைப்பதாகச் சங்க முகாமையாளர் தேவராசா ஐயா சொன்னார். திங்கட்கிழமை. ஒரு கடிதத்தை வாசித்து, பிழை திருத்தி, பதில் எழுத வேண்டும். அக்கா தினமும் செய்கிற வேலைதான். ஆனால் நிரந்தரம் என்றால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்: அம்மா இல்லாத காலத்திலும் சோறு.

அதற்கு முந்திய புதன்கிழமை காலையில் கணினியைத் திறந்தால் தமிழ்க் குரல் இல்லை. இரவோடு இரவாக மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, பழைய தமிழ்க் குரல் தனக்குப் பொருந்தாது என்று நிறுத்திவிட்டது. ஆங்கில வரியை ஒரு பெண் குரல் வாசித்தது. தமிழ் வரிக்கு வந்ததும் மௌனம்.

அக்கா கனடாவுக்குப் போன் எடுத்தார்.

"மென்பொருள் எழுதினவையின்ரை இணையப் பக்கத்திலை எல்லாம் விளக்கமா எழுதிக் கிடக்கு அக்கா. வாசிச்சால் விளங்கும்."

"வாசிச்சனடா. ஒவ்வொரு இங்கிலீசுச் சொல்லும் விளங்குது. சேத்து வாசிச்சால் ஒண்டும் விளங்கேல்லை."

"அப்ப அவைக்கு முறைப்பாடு எழுது. உன்னை மாதிரி ஆக்கள் எழுதினால்தானே அவைக்குத் தெரியும்."

முறைப்பாடு எழுதுவதற்கு முதலில் கணக்குத் திறக்க வேண்டும். கணக்குத் திறப்பதற்கு, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒன்பது படங்களைக் காட்டி, மோட்டார் சைக்கிள் உள்ளவற்றைத் தொடச் சொன்னது. கண் தெரியாதவர்களுக்கான மென்பொருளைப் பற்றி முறையிட வந்தவரிடம் கேட்ட கேள்வி இது. காதால் கேட்டு எழுதுகிற வழியும் இருந்தது. அதில் ஆங்கிலம் இரைச்சலுக்குள் கரகரத்தது. கடைசியில் அவருடைய அம்மா பாலேஸ்வரி மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"உதிலை சில்லு மட்டும் தெரியுது பிள்ளை. அதுவும் சேத்தியோ?"

"எனக்கென்னெண்டம்மா தெரியும்?"

"பிழைச்சால் என்ன செய்வாங்கள்?"

"நான் மனிசி இல்லையெண்டு சொல்லுவாங்கள்."

மாமி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஒருவாறு கணக்குத் திறந்து முறைப்பாடு போனது. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில். பிழை நடக்கும்போது உள்ளே பதிவாகும் விபரக் கோப்பை அனுப்பச் சொன்னார்கள். சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தமிழ்க் குரலைப் பராமரித்தவர் விலகிவிட்டார், நீங்கள் அதைப் பொறுப்பேற்க விரும்புகிறீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். நான் கொதித்துப் போனேன். அக்கா என்னை அடக்கினார்.

"எழுதின மனிசனுக்கும் கண் தெரியாதாம். வேலையாலை வந்து காசு வாங்காமல் இதைச் செய்யிறார். நான் ஆரோடை கோவிக்க?"

ஒரே வழி, பழைய பதிப்பைத் திரும்பப் போடுவது. கோபி அண்ணை படிமுறைகளைக் குரல்பதிவாக அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் தனியே அதைச் செய்தார்கள். பாஸ்போட் வரிசைக்கு இடம்பிடிக்க நான் அன்றே வவுனியாவுக்குப் போயிருந்தேன். நடந்ததை மாமி பிறகு சொன்னார்.

புதியதை அகற்றிப் பழையதைப் போடும் நேரத்தில் கணினி எதையும் வாசிக்காது. அந்த இடைவெளியில் திரையில் ஒரு கேள்வி வந்தது, ஆங்கிலத்தில். கோபி அண்ணையின் குரல்பதிவில் அது இல்லை. புதிய பதிப்போடு சேராத குரல்களை அடியோடு அழிக்கவா என்பதுதான் கேள்வி என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே இரண்டு பெட்டிகள். மாமிக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஓம் என்பதற்கான சொல் எது என்பது தெரியும்.

"கேட்டதுக்கு ஓம் எண்டு அமத்தினன் மோனை. வேறை என்னத்தைச் சொல்லுறது?"

பாதி வாழ்க்கையைச் சோதனைச் சாவடிகளில் கழித்த மனிசி அவர். விளங்காத மொழியில் கேட்டதற்கெல்லாம் ஓம் என்று தலையாட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உயிரோடு வீடு வந்தார். இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. தமிழ்க் குரல் அழிந்தது. திரும்ப இறக்கப் பார்த்தால், பராமரிக்க ஆள் இல்லை என்று அதைத் தளத்திலிருந்தும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அக்கா அந்தக் கணினியோடுதான் போனார். வேறு என்ன வழி? தேவராசா ஐயா வாசித்துக் காட்டிய கடிதத்துக்குப் பதிலை ஒரு பிழையில்லாமல் தட்டினார். பிறகு கணினியில் போட்டுத் தந்த இன்னொரு கடிதத்தில் பிழை திருத்தச் சொன்னார்கள். அக்கா அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தினார். ஒரு சத்தமும் இல்லை.

"உம்மடை மனிசன் இண்டைக்குக் கோவமோ?" என்றார் தேவராசா ஐயா. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சங்கத் தலைவர் மட்டும், "சும்மா கிடைச்ச சாமான் இப்பிடித்தான். காசு குடுத்து நல்லதாய் ஒண்டு வாங்கியிருக்கலாமே" என்றார்.

"அந்தளவு காசு இருந்தால் உந்தக் கதிரையிலை வந்து ஏன் ஐயா இருக்கிறன்?"

அந்தப் பதிலும் அவருக்கு எதிராகத்தான் போனது. கண் தெரியாதவருக்கு இந்த வேலை சரிவராது என்று முடிவெடுத்தார்கள். கணினிதான் சரிவரவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. இப்போது அக்கா அதே கந்தோரில் வருகிற போனுக்குப் பதில் சொல்கிறார், தற்காலிகமாக. கடிதம் எழுத வேறொரு பெண் வந்திருக்கிறாள். பிழை விட்டு எழுதுகிறாள், ஆனால் நிரந்தரம்.

இலவசமாகத் தருகிறவரிடம் உரிமையோடு கேட்க முடியாது என்று கோபி அண்ணை சொல்கிறார். சரி. யாரும் கெட்டவர்களும் இல்லை. ஆனால் தளத்தின் முகப்பில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதுகிறவர்கள், அந்த எல்லோருக்குள் பாலேஸ்வரி மாமியும் இருக்கிறார் என்று ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டாமா? ஓம் என்று அமத்தினால் திரும்பிவர வழியில்லாத ஒரு கேள்வியை, அவருக்கு விளங்காத மொழியில் கேட்டிருக்க வேண்டாமே. திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்கிறார்கள். யாரால்?

போன மாதம் புதிய பதிப்பு வந்தது. யாரோ தமிழ்க் குரலைத் திருத்தியிருந்தார்கள். கனடாவிலிருந்து கோபி அண்ணை சத்தமாகக் கதைத்தது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"அக்கா, நன்றி சொன்ன இடத்திலை உன்ரை பேர் போட்டிருக்கிறாங்கள்! பிழையை அறிவிச்ச ஆளெண்டு. உலகம் முழுக்கப் பாக்கும்!"

"அப்பிடியோ. அதைத் தேவராசா ஐயாவுக்கும் ஒருக்கால் அனுப்பிவிடு" என்று அக்கா போனை வைத்தார்.

அன்று பின்னேரம் அவர் கணினியைத் திறந்தார். பழைய மூக்கடைத்த குரல் திரும்பி வந்திருந்தது. பழைய பரீட்சைக் கடிதம் இன்னும் அதிலேயே கிடந்தது. குரல் அதை முதல் வரியிலிருந்து வாசித்தது. அக்கா நிறுத்தி நிறுத்தி, பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். முடிந்ததும் அதைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

"வேண்டாம்" என்று அமத்தினார்.