பெண்கள் பெஞ்சிலிருந்து பார்த்த முள்

இரண்டாம் உலக யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. நான் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு நடந்துபோய் ஹைஸ்கூலில் படித்தேன். வகுப்பில் பெண்கள் என்று நானும் என் தோழியும்தான். எங்கள் பெஞ்ச் இடது பக்கச் சுவரோரம். பையன்கள் மேஜையருகே போகலாம், நாங்கள் இடத்தைவிட்டு அசையக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு அதுதான் மரியாதையாம்!

பௌதிக வகுப்பில் வாத்தியார் மின்சாரம் அளக்கும் மீட்டரை மேஜைமேல் நிறுத்தி வைப்பார். பையன்கள் நேர் எதிரே நின்று முள் காட்டும் எண்ணைச் சொல்வார்கள். நாங்கள் பெஞ்சிலிருந்தே சொல்லவேண்டும். எப்போதும் தப்பு. அதுவும் இருவருக்கும் ஒரே தப்பு! காப்பியடிக்கிறோம் என்று வேறு திட்டு.

வாத்தியார் நல்ல மனுஷர்தான். ஆனாலும் என் அப்பாவை வரவழைத்து, "பொம்பளப் புள்ளைங்க மனப்பாடம் நல்லா பண்ணுங்க. பௌதிகம் மண்டையில ஏறாதுங்க. சயின்ஸ்லேந்து மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ லேடி டாக்டராக வேண்டுமென்று கொள்ளை ஆசை. சயின்ஸ் போனால் எல்லாம் போச்சு. அழுது முகம் வீங்கியது. அதைவிடக் கொடுமை, நமக்கு மூளை கம்மிதான் போல என்று நானே நம்ப ஆரம்பித்ததுதான்.

அந்த வாரம் பேய்மழை. பையன்கள் பக்கம் ஓடு ஒழுகி பெஞ்செல்லாம் தண்ணீர். வாத்தியார் அவர்களை எங்கள் சுவரோரம் உட்காரச் சொன்னார். கூட உட்காரக்கூடாதே, அதனால் எங்களை மேஜைக்கு எதிரே நிறுத்தினார்.

மேஜையருகே நாங்கள் நின்றதால் பையன்கள் எங்கள் பெஞ்சிலிருந்தே சொல்லவேண்டியதாயிற்று. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் முதலில் சொன்னான். தப்பு. அடுத்தவனும் அதே எண்ணைச் சொன்னான். என் முறை வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சரி!

முதல் மார்க்குக்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா சார் இது! இங்கேந்து பாத்தா அப்டித்தான் கீது. நீங்களே வந்து பாருங்க சார்."

வாத்தியார் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்தார். முள்ளுக்கும் எண்களுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், பக்கவாட்டில் பார்த்தால் முள் அடுத்த கோட்டில் நிற்பதுபோல் தெரியும். அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியவரே அவர்தான்! "அட கஷ்டமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். என்னை மாற்றப்போவதில்லை என்று அன்றே அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார்.

அப்பாடா! குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

இப்போதும் யாராவது பெண்களுக்குப் பௌதிகம் வராது என்றால் சுருக்கென்று கோபம் வருகிறது. அடக்கிக்கொண்டு, அவளை எங்கே உட்கார வைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.