அலுமாரிக்குள் போன பெட்டி

அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே தனி வீடு ஜெயராணிக்கு. பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலை வேலை. சாமான் பேணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புதுக் குடையைக்கூட மழையில் விரிக்க மனசு வராத பிறவி அவள்.

அவள் கூரைக் கம்பத்தில் ஒரு கம்பியில்லாப் பெட்டியைப் பூட்டியிருந்தார் இப்திகார். மடவளையில் ரேடியோ திருத்துபவர். மண்சரிவு எச்சரிக்கைக் குழுவிலும் இருந்தார். மலை உச்சியில் மண் அசைவதை அளக்கும் கருவியின் சேதி ஒரே எட்டில் கீழே வராது. லயத்துப் பெட்டி ஜெயராணியின் பெட்டிக்குச் சொல்லும். அது அடிவாரத்துக் கோயில் பெட்டிக்குச் சொல்லும். அங்கிருந்து லயத்துச் சைரனை அலறவைக்கும் கட்டளையும் அதே வழியில்தான் மேலே ஏறும்.

மூன்று நாள் விடாத மழை. தொலைபேசியும் செத்துப்போனது. பகல் ஒரு மணிக்கு இப்திகார் சேறும் சகதியுமாக வந்து நின்றார்.

“தங்கச்சி, மேலுக்கு ஈக்கிற பொட்டி ஒண்டும் பேசுதில்ல. உங்கட பொட்டி எங்க?”

“நனைஞ்சு பழுதாப் போயிருமேன்னு காலையிலயே கழட்டி அலுமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.”

“இரும்பு அலுமாரியிலயா?” அவர் முகம் வெளிறியது. “அதுக்குள்ள வெச்சா அதுக்குக் கேக்கவும் ஏலாது, சொல்லவும் ஏலாது. மழையில நிக்கத்தானே அதச் செஞ்சது!”

ஜெயராணி அலுமாரிக்கு ஓடினாள். லயத்தில் பதினொரு வீடு. அதில் ஒன்று அக்கா வீரம்மாவுடையது. அவசரத்தில் சாவி துளையில் நுழையவே மாட்டேன் என்றது. எப்படியோ திறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பூட்ட நேரமில்லை, இரண்டு கையாலும் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தாள். பச்சை விளக்கு மினுங்கியது. சற்றைக்கெல்லாம் மேலே சைரன் அலறியது.

“மண் அசைஞ்சிட்டு. எறங்குங்க தங்கச்சி, இந்த வீடும் தாங்காது.”

“கைய எடுத்தா சைரன் நின்னுருமா?”

இப்திகார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

லயத்துச் சனம் முழுவதும் இறங்கி வந்தபிறகுதான் அவளும் இறங்கினாள். எல்லாரும் கோயிலடிக்கு ஓடிச் சேர்ந்த சற்று நேரத்தில் மலை இடிந்து விழும் சத்தம் கேட்டது. லயம் போய்விட்டது.

“ஒன் பெட்டியாலதான் தப்பிச்சோம்” என்று வீரம்மா அழுதாள்.

“இல்லக்கா. காலையிலேர்ந்து அத ஊமையா ஆக்கி வச்சிருந்ததே நான்தான்.”

வீரம்மா கண்ணைத் துடைத்தாள். பிறகு இடுப்புக் குழந்தையை நீட்டினாள்.

“திட்டுறத நாளைக்கு வச்சுக்கிறேன். மொதல்ல புள்ளயப் புடி, கை வலிக்குது.”