புல்லக்காவும் தம்பியின் ஆடுகளும்

ஊரில் அவளைப் புல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து மைதானத்தின் புல் முழுக்க அவள் பொறுப்பு. கூட இருந்த ஒரே துணை, நாலு திட்டு வாங்காமல் கிளம்பாத ஒரு வெட்டு மெஷின்.

கோடை வந்தால் புழுவும் வந்துவிடும். தண்டைத் துளைத்துத் துளைத்துப் புல்லைத் துடைப்பக் குச்சியாக்கிவிடும். மருந்தடிக்க அவளுக்கு மனசு வராது; பிள்ளைகள் விழுந்து புரளுகிற இடம். கடைசியில் விதைக்கடைக்காரர் ஒரு புது ரகம் கொடுத்தார்.

"இந்த விதைக்குள்ள ஒரு பூஞ்சை இருக்கும்மா. முளைச்சதும் தண்டுக்குள்ளயே குடியிருக்கும். கடிச்சுப் பார்க்கிற புழு ஓடிடும்."

பூஞ்சை என்றதும் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் விதைத்தாள். அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியபோதும் மைதானம் பச்சைப் பசேலென்று நின்றது. தூர் கட்டி, வேர் இறங்கி, பார்க்கிறவர் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

வெட்டிய புல்லை எப்போதும் போலத் தம்பி தன் செம்மறி ஆடுகளுக்கு அள்ளிப் போனான். பந்தயத்துக்காக அடியொட்ட வெட்டிய புல்லையும் கொண்டுபோனான். அடுத்த வாரம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"என்னக்கா தெளிச்ச?"

"ஒரு சொட்டு தெளிக்கலடா. ஏன்?"

"ஆடெல்லாம் நடுங்குது. விரட்டினா கால் பின்னிக்கிட்டு விழுது."

"பேருக்கேத்த மாதிரி ஆடுதோ என்னமோ."

தம்பி சிரிக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவனோடு நடந்தாள்.

பட்டியில் கால்நடை மருத்துவர் ஒரு கிடாயின் தலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புது விதையைப் பற்றிப் புல்லக்கா ஒளிக்காமல் சொன்னாள்.

"அதேதான். புல்லுக்குக் காவல் நிக்கிற பூஞ்சையோட நஞ்சு ஆட்டோட நரம்பைப் பிடிச்சிடுச்சு. அடித்தண்டுல அது அதிகம்" என்றார் மருத்துவர். "புல்லை மாத்துங்க, விரட்டாதீங்க. சரியாயிடும்."

சொன்னபடியே ஆடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. தம்பியின் கோபம்தான் தெளியவில்லை.

"அந்தப் புல்லைப் பிடுங்கிப் போடு!"

"மாட்டேன்."

"என் ஆட்டை விட உனக்குப் புல்லு பெருசாப் போச்சா?"

"பிடுங்கினா திரும்பப் புழு வரும். புழு வந்தா மருந்தடின்னு வந்து நிப்பாங்க. உன் ஆட்டுக்கு வேற வழி பண்றேன். புல்லுல கை வைக்க மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வெட்டிய புல் அன்றிலிருந்து எருக்குழிக்குப் போனது. பட்டிக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த நிலத்தில் அவள் மண்வெட்டியோடு இறங்கினாள். கல்லைப் பொறுக்கினாள், கொத்தினாள், பூஞ்சையில்லாத தீவனப்புல் விதையை வாங்கி வந்து தூவினாள். தம்பி முகங்கொடுத்துப் பேசவில்லை. அவன் மனைவி மட்டும், "அண்ணி, வெயில் ஏறுது, உட்காருங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து தருவாள். புல்லக்கா குடித்துவிட்டு மறுபடி குனிவாள்.

முளை விட்ட அன்று தம்பி வேலியோரம் வந்து நின்றான்.

"இதுல அந்தப் பூஞ்சை இல்லியே?"

"இல்ல. அதனால புழு வரும்."

"வந்தா?"

"நீயும் நானும் கையால பொறுக்கணும்."

"கையாலயா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வேலிக்குள் இறங்கினான்.